கண், கடிகாரம், சரக்கு: திரையின் வேகத்துக்கு விலை வந்த வரலாறு

கணினிக் கடை எதுவானாலும் அதன் விலைப்பட்டியலை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இரண்டும் 24 அங்குலத் திரை. இரண்டிலும் 1920க்கு 1080 படப்புள்ளிகள். இரண்டும் கறுப்புப் பிளாஸ்டிக். ஒன்றுக்கு எதிரே 75 ஹெர்ட்ஸ் என்றிருக்கும், மற்றதற்கு எதிரே 360 ஹெர்ட்ஸ். விலை மட்டும் பல மடங்கு தள்ளி நிற்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் திரை எத்தனை முறை தன் படத்தை மாற்றி வரைகிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். கூடுதலாகச் சில நூறு முறை வரைவதற்கு இவ்வளவு காசா?

கடைக்காரர் சொல்வது: 'கேமிங் மானிட்டர் சார், வேகமா ஓடும், அதான் ரேட்டு.' பொருளியல் படித்தவர்கள் சொல்வது இதே பதிலின் கோட்டு போட்ட வடிவம்: தொழில்நுட்பம் கடினம், ஆகவே செலவு அதிகம், ஆகவே விலை அதிகம். நம் தோழர்களிடம் கேட்டால் வேறு மாதிரி: எல்லாம் ஏமாத்து, இல்லாத தேவையை உண்டாக்கி விக்கிறான். முதல் பதில் விலையை மழை வெயில் போல இயற்கையாக்கி விடுகிறது. இரண்டாவது பதில் விலைக்குப் பின்னால் இருக்கும் உழைப்பையும் பொருளையும் ஒரே ஊதாக ஊதித் தள்ளி விடுகிறது. இரண்டிலும் வரலாறு இல்லை. திரையின் வேகம் என்ற இந்தச் சரக்கு, சரக்காவதற்கு முன் ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக இருந்தது என்று படித்தபோதுதான் எனக்கு இதில் அக்கறை பிறந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அதற்கும் முன்னால் 60 என்ற எண் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண மானிட்டர் ஏன் 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது? கண்ணைக் கேட்டு யாரும் அந்த எண்ணை வைக்கவில்லை. 1890களில் அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் மாறுமின்னோட்டத்துக்கு 60 சுழற்சி என்று தேர்ந்துகொண்டது. ஐரோப்பாவில் 50 நிலைத்தது. தொலைக்காட்சி வந்தபோது, மின்சாரத்தின் துடிப்பும் படத்தின் துடிப்பும் முட்டிக்கொண்டால் திரையில் பட்டைகள் ஊர்ந்தன, ஆகவே படத்தை மின்சாரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். 1941இல் நிலைபெற்ற அமெரிக்கத் தரம் நொடிக்கு 60 அரைப்படம். 50 சுழற்சி மின்சாரம் கொண்ட நம் நாட்டில் தூர்தர்ஷன் 50 அரைப்படம். கணினித் திரை அமெரிக்கத் தொலைக்காட்சியின் வயிற்றில் பிறந்தது, அதனால் 60. மின்நிலையத்தின் கடிகாரம் கண்ணின் கடிகாரமாகிப் போச்சு.

நிற்க. கண்ணுக்கு இது எப்படி இருந்தது?

படக்குழாய்த் திரையில் எந்தக் கணத்திலும் முழுப்படம் கிடையாது. ஒரு மின்னணுக் கற்றை வரிவரியாக ஓடுகிறது, அது தொட்ட இடத்தில் பாஸ்பரம் சுடர்ந்து உடனே மங்குகிறது. அடுத்த சுற்று வருவதற்குள் அந்த இடம் இருண்டுவிடும். கண் இதைச் சேர்த்துத் தைத்து ஒரே படம் என்று நம்புகிறது. வேகம் போதவில்லையென்றால் தையல் பிரிந்து சிமிட்டல் தெரியும். எந்த வேகம் போதும் என்பது ஒரே எண் அல்ல. வெளிச்சம் கூடினால் கூடுதல் வேகம் வேண்டும். கடைக்கண் நடுக்கண்ணைவிடச் சிமிட்டலை நன்றாகப் பிடிக்கும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து இருந்தவரை 60 எப்படியோ தாங்கியது. 1984இல் மெக்கின்டாஷ் வந்து, பின்னால் விண்டோஸும் வந்து, வெள்ளைத் தாள் போன்ற பளீர்த் திரை அலுவலகத்தின் வழக்கமானபோது அதே 60 கண்ணைக் குத்தத் தொடங்கியது.

யாருடைய கண்ணை? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. 1980களில் நாளெல்லாம் அந்தத் திரைமுன் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தட்டச்சு செய்தவர்கள், காப்பீட்டுப் படிவங்களை உள்ளிட்டவர்கள், தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவர்கள். தலைவலி, கண்ணெரிச்சல், கழுத்துப்பிடிப்பு என்று அவர்கள் சொன்னதை மேலாளர்கள் பொம்பளைப் புலம்பல் என்று ஒதுக்கினார்கள். கதிர்வீச்சால் கருக்கலைகிறது என்ற அச்சமும் வட அமெரிக்காவில் பரவியது. (அந்த அச்சத்துக்கு 1991இல் தொலைபேசி ஊழியர்களிடையே நடந்த பெரிய ஆய்வு ஆதாரம் காணவில்லை. ஆனால் கண்வலி அச்சமல்ல, வலி.) நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் மாவட்டம் 1988இல் திரைமுன் வேலை செய்வோருக்கு ஓய்வும் கண் பரிசோதனையும் தரச் சட்டம் போட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டு மறு ஆண்டே அதை வீழ்த்தின. சான் பிரான்சிஸ்கோ நகரம் 1990இல் இதே போல ஒன்றைக் கொண்டுவந்தது. 1992இல் அதுவும் நீதிமன்றத்தில் விழுந்தது.

ஸ்வீடனில் நடந்தது வேறு. அங்கே டிசிஓ என்ற கூட்டமைப்பு இருக்கிறது. அலுவலக ஊழியர், செவிலியர், ஆசிரியர் போன்றோரின் சங்கங்கள் சேர்ந்தது. 1980களின் நடுவில் அது தன் உறுப்பினர்கள் கையில் ஒரு சோதனைக் கையேட்டைக் கொடுத்தது. உன் திரையை நீயே சோதித்துப் பார் என்பது அதன் சாரம். பிறகு 1992இல் டிசிஓ'92 என்ற முத்திரை. முத்திரை இல்லாத மானிட்டரை வாங்காதே என்று சங்கம் முதலாளியிடம் பேரம் பேசும். ஸ்வீடனின் அரசு அலுவலகங்களும் பெரிய நிறுவனங்களும் மொத்தமாக வாங்குகிறவை, ஆகவே தைவானிலும் ஜப்பானிலும் இருந்த உற்பத்தியாளர் முத்திரைக்காக வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 1990ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சமூக ஆணை ஒன்றும் வேலைத்தலத் திரையின் படம் சிமிட்டாமல் நிலையாக நிற்க வேண்டும் என்றது. டிசிஓ'99 வந்தபோது படக்குழாய்த் திரைக்குக் குறைந்தபட்சம் 85 ஹெர்ட்ஸ் என்ற நிபந்தனை எழுதப்பட்டது.

85க்குச் செலவு இருந்தது, பொய்யில்லை. 1987இன் விஜிஏ திரையில் கற்றை நொடிக்குச் சுமார் 31,500 வரி ஓடினால் போதும். 1024க்கு 768 படப்புள்ளிகளை 85 ஹெர்ட்ஸில் காட்ட அது சுமார் 68,700 வரி ஓட வேண்டும். கற்றையை அங்குமிங்கும் இழுக்கும் சுருள் சூடாகும், அதை ஓட்டும் டிரான்சிஸ்டர் உறுதியானதாக வேண்டும், படச்சைகையைப் பெருக்கும் சுற்று பல மடங்கு வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். அன்றைய மானிட்டர் விளம்பரங்களில் கிலோஹெர்ட்ஸ் எண் ஏற ஏற விலை ஏறியதற்குக் காரணம் இது. ஆனால் அந்தக் கூடுதல் விலையை யார் கொடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை கொடுத்தவன் கொடுத்தான், அல்லது கொடுக்கும்படி ஆக்கப்பட்டான். வேகம் என்பது ஊழியரின் கண்ணுக்காக மூலதனத்திடமிருந்து பிடுங்கிய ஒரு சலுகை. 1990களின் ஹெர்ட்ஸ் விலையில் ஒரு வர்க்கப் பேரம் உறைந்திருக்கிறது என்று நான் சொன்னால் அது மிகையில்லை.

இந்தப் பேரத்தை ஒரு பொருள் மாற்றம் காலி செய்தது. எல்சிடி திரையில் கற்றை கிடையாது. ஒவ்வொரு படப்புள்ளியும் அடுத்த கட்டளை வரும்வரை தன் நிலையில் அப்படியே நிற்கும், பின்னாலிருந்து விளக்கு தொடர்ந்து எரியும். இருள்வதற்கு இடமே இல்லாததால் சிமிட்டலும் இல்லை. 60இலேயே படம் பாறை மாதிரி நிற்கிறது. சங்கங்கள் கேட்டது கிடைத்துவிட்டது, கேட்ட வழியில் அல்ல. 85, 100 என்று ஏறியிருந்த எண் சத்தமில்லாமல் 60க்கு இறங்கியது, யாரும் முறையிடவில்லை. முறையிடக் காரணமும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இன்னொன்று தொலைந்தது. அசையும் பொருளை எல்சிடி குழப்பியது. படப்புள்ளி அசையாமல் நிற்கையில் கண் மட்டும் பொருளைத் தொடர்ந்து நகர்கிறது, விழித்திரையில் படம் இழுபட்டுத் தேய்கிறது. போதாததற்கு, திரவப்படிகம் நிறம் மாறவே அன்று பல மில்லிநொடி எடுத்தது. ஆவணம் தட்டுகிறவருக்கு இது பொருட்டில்லை. குவேக், கவுன்டர்-ஸ்ட்ரைக் ஆடியவர்களுக்குப் பொருட்டாயிற்று. மேசையை அடைத்துக்கொண்டு கிடந்த பழைய படக்குழாய்ப் பெட்டியை அவர்களில் பலர் விட மறுத்தார்கள்.

எல்சிடியின் இந்த முதல் பத்தாண்டில் விலை எப்படி உருவானது என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது, ஊகம் வேண்டியதில்லை. 2001 இலையுதிர்காலம் முதல் 2006 வரை தென்கொரிய, தைவானியப் பேனல் நிறுவனங்களின் அதிகாரிகள் மாதந்தோறும் தைவானில் கூடினார்கள். தங்களுக்குள் அதற்கு 'கிரிஸ்டல் கூட்டம்' என்று பெயர். ஓட்டல் அறைகளில், தேநீர்க் கூடங்களில், கரோக்கே பார்களில். ஐரோப்பிய ஆணையத்தின் கணக்குப்படி சுமார் 60 முறை. எந்த அளவுப் பேனலை அடுத்த மாதம் என்ன விலைக்குக் கொடுப்பது என்று பேசி முடித்தார்கள். 2008 நவம்பரில் எல்ஜி டிஸ்ப்ளே, ஷார்ப், சுங்வா மூன்றும் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 58.5 கோடி டாலர் அபராதம் கட்டின. ஷார்ப் ஜப்பானிய நிறுவனம், டெல், ஆப்பிள், மோட்டோரோலாவுக்கு விற்ற பேனல்களில் அதற்குத் தனிக் கணக்கு. ஏயு ஆப்ட்ரானிக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. 2012இல் சான் பிரான்சிஸ்கோ ஜூரி அதைக் குற்றவாளி என்றது, 50 கோடி டாலர் அபராதம், இரண்டு உயர் அதிகாரிகளுக்குச் சிறை. 2010இல் ஐரோப்பா விதித்தது சுமார் 64.9 கோடி யூரோ. அங்கே சாம்சங் முதலில் போய்க் காட்டிக்கொடுத்ததால் அபராதமில்லாமல் தப்பியது.

இதை நான் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. இந்தக் கூட்டுச்சதி வேகத் திரையைப் பற்றியதல்ல, சாதாரண 60 ஹெர்ட்ஸ் பேனலைப் பற்றியது. வேகத் திரை அப்போது சந்தையில் இல்லை. ஆனால் அது ஏன் பிறகு வந்தது என்பதற்கான முன்கதை இங்கே இருக்கிறது. பேனல் தொழில் முதலீட்டை விழுங்கும் தொழில். எட்டரைத் தலைமுறை ஆலையில் ஒரு தாய்க்கண்ணாடி 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர். அப்படிப்பட்ட ஆலையைக் கட்டியவன் அதை நிறுத்த முடியாது, ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் ஓட்டினால் சரக்கு குவியும், விலை சரியும். சரிவைத் தடுக்க ஒரு வழி கரோக்கே பாரில் கைகுலுக்குவது. அது பிடிபட்டு அடைபட்ட பிறகு இன்னொரு வழி வேண்டும்: எல்லோரும் விற்கும் அதே கண்ணாடியில் எல்லோரிடமும் இல்லாத ஒரு வித்தியாசத்தை ஏற்றுவது.

வித்தியாசம் முதலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தது. 2009 தொடக்கத்தில் என்விடியா '3டி விஷன்' என்ற மூக்குக்கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம், மாறி மாறி. கண்ணுக்கு 60 வேண்டுமென்றால் திரைக்கு 120 வேண்டும். சாம்சங்கும் வியூசானிக்கும் 22 அங்குல 120 ஹெர்ட்ஸ் எல்சிடியைச் செய்தன. அது விற்கப்பட்டது முப்பரிமாணத்துக்காக. முப்பரிமாணம் தோற்றது, 2019இல் என்விடியாவே அதைக் கைகழுவியது. ஆனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் 120இல் விளையாடிப் பார்த்தவர்கள், படக்குழாய்க்குப் பிறகு தொலைந்துபோன அசைவு திரும்பி வந்ததைக் கண்டார்கள். இந்தப் பயன்பாட்டைக் கண்டுபிடித்ததில் ஆட்டக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நிறுவனங்கள் பின்னால் வந்து அதற்குப் பெயர் வைத்து விலை வைத்தன. சில ஆண்டுகளில் 144 ஹெர்ட்ஸ், சிவப்புக் கோடு, டிராகன் சின்னம், 'கேமிங்' என்ற சொல்.

இனி, செலவு. இதைத் தாண்டிக் குதித்து ஓடும் விமர்சனத்தில் எனக்கு மரியாதை இல்லை.

60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கு 16.7 மில்லிநொடி கிடைக்கும். 240இல் 4.2. ஆனால் படம் ஒரே அடியாக எழுதப்படுவதில்லை, 1080 வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படுகின்றன. இடைவெளிகளையும் சேர்த்தால் 60இல் ஒரு வரிக்குச் சுமார் 15 மைக்ரோநொடி, 240இல் நாலுக்கும் கீழே. அந்த நேரத்துக்குள் வரியிலுள்ள ஒவ்வொரு படப்புள்ளியின் பின்னாலும் இருக்கும் நுண்ணிய டிரான்சிஸ்டர் திறந்து, மின்னூட்டத்தை நிரப்பி, மூட வேண்டும். வழக்கமான படிகமற்ற சிலிக்கானில் மின்னணு மந்தமாக நகரும். அதைவிடப் பத்து மடங்கு வேகம் தரும் ஆக்சைடு டிரான்சிஸ்டரை டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிதேயோ ஹொசோனோவின் குழு 2004இல் அறிவித்தது. அதைச் செய்யும் ஆலைப்பிரிவுகள் செலவு கூடியவை. அப்புறம் திரவப்படிகம். அது சோம்பேறி. சீக்கிரம் திரும்ப வைக்க வேண்டியதைவிட அதிக மின்னழுத்தத்தைக் கொடுத்துத் தள்ள வேண்டும், கூடிப்போனால் பொருளுக்குப் பின்னால் பேய்நிழல் விழும். எந்த நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு எவ்வளவு தள்ளுவது என்று பேனலுக்குப் பேனல் அளந்து அட்டவணை போட ஆள் வேண்டும். கம்பியும் சும்மா இல்லை. பழைய ஒற்றை இணைப்பு டிவிஐ நொடிக்கு 16.5 கோடி படப்புள்ளி வரை கடத்தும், 1080 வரித் திரை 60 ஹெர்ட்ஸிலேயே 14.85 கோடியைத் தின்றுவிடும். இரட்டித்தால் இணைப்பான், சைகை வாங்கும் சிப், வரிக் கட்டுப்பாட்டுச் சிப் எல்லாம் மாற வேண்டும். இவையெல்லாம் சிறிய எண்ணிக்கையில் செய்யப்படும்போது ஆராய்ச்சிச் செலவு ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் கனமாக விழும்.

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதுதான் விலை என்றால் செலவு இறங்கும்போது விலை இறங்க வேண்டும், ஒரே செலவுள்ள இரண்டு பெட்டிகளுக்கு ஒரே விலை இருக்க வேண்டும். இந்தச் சோதனையை வரலாறு நமக்காக நடத்தியே காட்டியிருக்கிறது.

2013 அக்டோபரில் என்விடியா 'ஜி-சிங்க்' என்பதை அறிவித்தது. அதன் கருத்து உண்மையிலேயே அழகானது. அதுவரை திரை தன் கடிகாரப்படி ஓடும், கணினி படத்தைத் தயாரித்து முடிக்கும் நேரம் அதற்கு ஒத்துப்போகாவிட்டால் படம் கிழியும் அல்லது தட்டுத்தடுமாறும். ஜி-சிங்க், படம் தயாராகும்வரை திரையைக் காத்திருக்க வைத்தது. மின்நிலையத்திலிருந்து வந்த நூற்றாண்டுக் கடிகாரத்தைத் திரை முதன்முதலாகக் கழற்றி வைத்தது எனலாம். ஆனால் இதற்கு மானிட்டருக்குள் என்விடியாவின் ஓர் அட்டை வேண்டும். அட்டையில் ஆல்டெரா நிறுவனத்தின் சிப், அதற்கு நினைவகம். ஏசுஸின் ஒரு 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் நாமே பொருத்திக்கொள்ள அட்டையைத் தனியாக விற்றார்கள்: 199 டாலர். மானிட்டரே முந்நூறு டாலரைத் தாண்டாத காலம் அது.

மூன்று மாதம் கழித்து, 2014 ஜனவரியில், போட்டி நிறுவனமான ஏஎம்டி சாதாரண மடிக்கணினிகளை மேசையில் வைத்து இதே வித்தையைக் காட்டியது. மடிக்கணினிப் பேனல்களில் மின்சாரச் சிக்கனத்துக்காக இந்த வசதி ஏற்கெனவே இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் வெசா அமைப்பு அதை டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்த்தது, உரிமக் கட்டணம் இல்லாமல். அதன்பின் சில ஆண்டுகள் சந்தையில் ஒரு விநோதம். ஒரே பேனல், ஒரே உற்பத்தியாளர், ஒரே ஹெர்ட்ஸ். ஒரு பெட்டியில் ஜி-சிங்க் முத்திரை, இன்னொன்றில் ஃப்ரீசிங்க் முத்திரை. விலை வித்தியாசம் பல மாதிரிகளில் 200 டாலர் அளவுக்கு. இன்ன கார்டு வைத்திருப்பவன் இன்ன பெட்டியைத்தான் வாங்கியாக வேண்டும் என்ற வேலி இருந்தவரை அந்த வித்தியாசம் நின்றது. அட்டைக்கு அசல் செலவு இல்லாமல் இல்லை. 2018இல் வந்த 4கே 144 ஹெர்ட்ஸ் திரை ஒன்றைப் பிசி பெர்ஸ்பெக்டிவ் இதழ் பிரித்துப் பார்த்து, உள்ளேயிருந்த அட்டையே விலையில் சுமார் 500 டாலரைக் கூட்டியிருக்கும் என்று கணித்தது. ஆனால் அந்த விலையுயர்ந்த சிப் அங்கே இருந்தாக வேண்டும் என்பது இயற்பியலின் தீர்ப்பா, வணிக முடிவா?

2019 ஜனவரியில் பதில் வந்தது. 400 மானிட்டர்களைச் சோதித்தோம், 12 தேறின, இனி எங்கள் கார்டு அவற்றோடும் ஒத்துப்போகும் என்று என்விடியா அறிவித்தது. தேறாதவற்றிலும் பயனர் தாமே அந்த வசதியைத் திறந்துகொள்ளலாம். நடந்தது ஒரு மென்பொருள் மாற்றம். நேற்றுவரை மேசையில் இருந்த அதே பெட்டி, ஒரு திருகாணிகூடக் கழற்றாமல், நேற்று இல்லாத தகுதியைப் பெற்றது. 2024 ஆகஸ்டில், தனி அட்டையே வேண்டாம், மீடியாடெக்கின் சாதாரண மானிட்டர் சிப்புக்குள்ளேயே வைத்துவிடுகிறோம் என்றார்கள்.

மார்க்ஸ் 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் நில வாடகையை அலசும்போது இலாபத்தையும் வாடகையையும் பிரிக்கிறார். பயிர் செய்தவனுக்கு வருவது ஒன்று, வேலியைக் கையில் வைத்திருப்பவனுக்கு வருவது இன்னொன்று. 2013 முதல் 2019 வரை வேகத் திரையின் விலையில் ஒரு பங்கு இந்த இரண்டாம் வகை என்பது என் வாதம். ஆக்சைடு டிரான்சிஸ்டருக்கும் அட்டவணை போட்டவரின் உழைப்புக்கும் கொடுத்த காசோடு அது ஒரே சீட்டில் ஒரே எண்ணாக அச்சாகிவிடுகிறது. வாங்குகிறவருக்குப் பிரித்துப் பார்க்க வழியில்லை. 'தொழில்நுட்பம் கடினம் சார்' என்ற விளக்கம் இரண்டையும் ஒன்றாக மூடிவைக்கும் துணி.

செலவு இறங்கினால் விலை இறங்குமா என்ற மற்றொரு சோதனைக்கு விடை கலப்பானது. 144 ஹெர்ட்ஸின் விலை நன்றாகவே இறங்கியது. சீன ஆலைகள் பெருகி, பேனல் குவிந்து, இன்று மலிவான அலுவலகத் திரைகளிலேயே 100 ஹெர்ட்ஸ் சர்வசாதாரணம். அதாவது 1990களில் ஸ்வீடன் தட்டச்சர்களுக்காகக் கேட்டதைவிட அதிகம், எந்தச் சங்கமும் கேட்காமலே. ஆனால் மேல்தட்டு இறங்கவில்லை, நகர்ந்தது. 144 மலிவானபோது 240, அது மலிவானபோது 2020இல் 360. ஏசுஸின் 24.5 அங்குல 360 ஹெர்ட்ஸ் திரை 699 டாலருக்கு வந்தது. 2023இல் 540. கணக்கைப் போட்டுப் பாருங்கள். 60இலிருந்து 144க்குப் போனால் ஒரு படத்துக்கு 9.7 மில்லிநொடி மிச்சம். 144இலிருந்து 240க்கு 2.8. அங்கிருந்து 360க்கு 1.4. 360இலிருந்து 540க்கு 0.9. ஒவ்வொரு படிக்கும் வரவு சுருங்குகிறது, கட்டணம் விரிகிறது. தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவாகக் கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும் சொன்னார். ஒரு இமைப்புக்குள் இந்தத் திரை ஐம்பது தடவைக்குமேல் மாறி வரைந்துவிடும். (தமிழ் எம்.ஏ. படித்தவனின் புத்தி வேறு எங்கே போகும்?)

இவ்வளவு நுண்ணிய வித்தியாசத்தை விற்க வேண்டுமென்றால் வாங்குபவரின் உடம்பையே குறையுள்ளதாகக் காட்ட வேண்டும். 2019இல் என்விடியா ஒரு வரைபடம் வெளியிட்டது. வேகத் திரை வைத்திருப்பவர்கள் சுடும் ஆட்டங்களில் தாங்கள் சாவதற்கு எத்தனை மடங்கு கொல்கிறார்கள் என்று காட்டியது. ஹெர்ட்ஸ் ஏற ஏறக் கொலை ஏறுகிறது. விலையுயர்ந்த திரையை வாங்கத் துணிந்தவன் அதிக நேரம் ஆடுகிறவனாகவும் இருப்பான், அவன் நன்றாகச் சுடுவதில் என்ன அதிசயம் என்ற எளிய கேள்வியைக் கூட்டத்தில் கேட்பார் அதிகமில்லை. போட்டி ஆட்டத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு மில்லிநொடி பொருட்டுதான், அதை மறுக்கவில்லை. மற்றவர்களுக்குத் தோல்விக்குக் காரணம் திரை என்ற நம்பிக்கை விற்கப்படுகிறது. பால் விரிலியோ 1977இல் 'வேகமும் அரசியலும்' எழுதியபோது வேகத்தை அதிகாரத்தின் ஒரே பெரும் ஆறாகக் கண்டார். அவரிடம் எனக்குள்ள பிணக்கு, அவருடைய வேகத்துக்குப் படிக்கட்டு இல்லை என்பது. இங்கே வேகம் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் சீட்டு ஒட்டி விற்கப்படுகிறது. கீழ்ப்படி மந்தமாகத் தெரிய வேண்டுமென்பதற்காகவே மேல்படி செய்யப்படுகிறது என்றுகூடச் சில சமயம் தோன்றும்.

கண்ணைப் பற்றி இவ்வளவு பேசினோம். கண்ணாடியைச் செய்தவர்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. 1980களில் திரைக்கு முன்னால் இருந்த பெண்கள் போல, 2000களில் திரைக்குப் பின்னால் இருந்தவர்களிலும் பெண்கள் நிறைய. தென்கொரியாவில் பள்ளி இறுதி முடித்த கையோடு ஆலைக்குப் போனவர்கள், பேனல்களைச் சோதித்தவர்கள், கரைப்பான் தொட்டுத் துடைத்தவர்கள். 2007இல் சாம்சங்கின் சிப் ஆலையில் வேலை செய்த ஹ்வாங் யூ-மி என்ற இளம்பெண் இரத்தப் புற்றால் இறந்தார். அவருடைய தந்தை டாக்சி ஓட்டுநர். அவர் பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமலிருக்க மறுத்ததிலிருந்து பனோலிம் என்ற இயக்கம் பிறந்தது. சிப் ஆலைகளிலிருந்தும் எல்சிடி ஆலைகளிலிருந்தும் நோயுற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து பெயர் கொடுத்தார்கள். 2018 நவம்பரில் சாம்சங் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, நடுவர் குழு வகுத்த இழப்பீட்டுத் திட்டத்தை ஏற்றது. ஒருவருக்கு உச்சவரம்பு 15 கோடி வோன்.

டிசிஓவின் பழைய முத்திரை திரையைப் பார்ப்பவரின் உடம்போடு தொடங்கியது. பிந்தைய தலைமுறைகளில் அது உற்பத்திச் சாலையின் உழைப்பு நிலையையும் நிபந்தனைகளில் சேர்த்துக்கொண்டது. அதைக் கேமிங் மானிட்டர் விளம்பரத்தில் தேடிப் பார்த்தேன், ஹெர்ட்ஸ் எண்ணின் பக்கத்தில் அதற்கு இடம் கிடைப்பது அரிது.

2002 முதல் 2007 வரை சாம்சங்கின் சியோனான் எல்சிடி ஆலையில் பேனல் சோதிக்கும் வேலையில் இருந்த ஒரு பெண்ணுக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்தது. தொழில்நோய் என்று ஏற்க அரசு நிறுவனம் மறுத்தது, கீழ் நீதிமன்றங்களும் மறுத்தன. எந்த ரசாயனம், எந்த அளவு என்று அவரால் நிரூபிக்க முடியவில்லை என்பது காரணம். அந்தப் பட்டியலை நிறுவனமும் தரவில்லை, தொழிலாளர் அமைச்சகமும் தரவில்லை, வணிக ரகசியம் என்றார்கள். 2017 ஆகஸ்டில் கொரிய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பியது. தகவலை மறைத்தவர்கள் அவர்களாக இருக்க, சான்று இல்லாத குறையைத் தொழிலாளியின் தலையில் ஏற்ற முடியாது என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பியது. சாம்சங் 2022இல் எல்சிடி பேனல் உற்பத்தியையே நிறுத்திவிட்டது.